ஏழு தட்டு ராசா

சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்பதற்கு ஒரு மனிதனுக்கு எத்தனை கைகள் வேண்டும்? எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை, வாயால் கேட்பேன். அவருக்கு இரண்டும் வேண்டும். இடது கையை நீட்டி முதலில் எல்லோரையும் அமைதியாக்குவார். பிறகு வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, வானத்திலிருந்து எதையோ பத்திரமாகக் கொண்டுவருவதுபோல, உப்புப் போத்தல் இருக்கும் பக்கமாக மெல்ல இறக்குவார். அதற்குள் குழம்பு ஆறிவிடும்.

“இவருக்கு உப்பு எடுத்துக் குடுக்கிறதும் கப்பலுக்குள்ள கட்டு இறக்கிறதும் ஒண்டுதான்,” என்பார் அவருடைய மனைவி. “தாலி கட்டேக்க இவர் கையைத் தூக்கினதில ஐயர் பயந்து பின்னுக்குப் போயிட்டார். தம்பி, நீங்கள் எண்ணுற ஆள்தானே. ஒரு நாளைக்கு இந்தக் கை எத்தினை தரம் மேல போகுதெண்டு எண்ணிச் சொல்லுங்கோ பாப்பம்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். மத்தியானச் சாப்பாட்டிலிருந்து பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் நாற்பத்தொரு தடவை. நித்திரையில் தூக்கிய இரண்டைச் சேர்க்கவில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. அது வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் அவரை எல்லோரும் ‘கைகாட்டி அண்ணை’ என்றுதான் அழைத்தார்கள். அதுதான் அவர் வேலையும். கப்பலின் சாமான் அறை ஆழமான கிணறு மாதிரி இருக்கும். அதன் அடியில் பதினொரு பேர் நிற்பார்கள். மேல்தளத்தில் வின்ச் இயக்குபவன் பன்னிரண்டு தேயிலைப் பெட்டிகளை ஒரு கயிற்றுக் கட்டாகத் தூக்கி, அந்தக் கிணற்றுக்குள் இறக்குவான். அவன் இருக்கும் இடத்திலிருந்து கிணற்றின் அடி தெரியாது. கைகாட்டி விளிம்பில் நின்று, கீழேயும் பார்த்து, வின்ச்காரனையும் பார்த்து, இறக்கு, மெல்ல, இடப்பக்கம், நிறுத்து என்று கையால் சொல்லவேண்டும். வின்ச்காரனுக்குக் கண் அவருடைய கை. கீழே நிற்கிற பதினொரு பேருக்கும் உயிரும் அதுதான்.

நான் பக்கத்தில் ஒரு பலகையில் தாளை வைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணுவேன். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. கிளாக்கர் வேலை. எண்ணிக்கை பிழைத்துவிடுமோ என்ற பயத்திலேயே எனக்கு இருபத்தெட்டு வயதில் தலைமயிர் நரைக்கத் தொடங்கியது.

மற்றக் கைகாட்டிகள் ஒரு விரலை அசைத்தாலே போதும் என்று நினைப்பவர்கள். இவர் அப்படியில்லை. ‘மெல்ல இறக்கு’ என்பதற்கு முழங்கால் வரை மடங்கி, இரண்டு உள்ளங்கையாலும் காற்றை அமர்த்துவார். ‘இடப்பக்கம்’ என்றால் உடம்பு முழுவதும் இடப்பக்கம் போகும். வின்ச் இயக்கியவர் கிண்ணியாக்காரர், வாய்த் துடுக்கானவர். தன் இருக்கையிலிருந்தே கத்துவார்.

“மச்சான், நீ எனக்குக் கை காட்டுறியா, கப்பலுக்கு ஆலாத்தி எடுக்கிறியா?”

“உனக்கு விளங்கிச்சோ இல்லையோ, அதைச் சொல்லு.”

“எனக்கு விளங்கிச்சு. கண்டல்காட்டில நிக்கிற கொக்குக்கும் விளங்கிச்சு.”

ஒருமுறை ஒரு வெளிநாட்டுக் கப்பலின் அதிகாரி, ‘இந்த மனிதன் என் கப்பலில் நடனம் ஆடுகிறான், ஆளை மாற்று’ என்று முறையிட்டார். மேற்பார்வையாளர் சிக்கனமான கையுள்ள வேறொருவரை நிறுத்தினார். கட்டு மேலே எழும்பியதும் கீழே நின்ற பதினொரு பேரும் ஓரமாகப் போய்ப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கோஷம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒருவர் மட்டும் மேலே பார்த்து, “கைகாட்டி அண்ணை வந்தால் எழும்பிறம்,” என்றார். முப்பத்தைந்து நிமிடம் கப்பல் சும்மா நின்றது. பிறகு அண்ணை வந்தார். அதிகாரி மேலிருந்து பார்ப்பது தெரிந்ததால், அன்றைக்கு வழமையைவிட அதிகமாகவே ஆடினார்.

இப்படிப்பட்ட கைக்கு ஒரு வெள்ளைக்கார இசைக்குழு வந்து வாய்த்ததை என்னவென்று சொல்வது?

முதல் இசைத்தட்டை ஒரு கப்பல் சமையற்காரன் ஒரு குலை செவ்விளநீருக்குப் பதிலாகக் கொடுத்தான். உறையில் நான்கு வெள்ளைக்காரர் ஒரு சிவப்புத் திரைச்சீலைக்கு முன்னால் நின்றார்கள். முகத்தில் மா அப்பியதுபோல் வெள்ளைப் பூச்சு. ஒருவனுக்கு மயில்தோகைக் கழுத்துப்பட்டை. ஒருவனுக்குக் குதிக்கால் உயர்ந்த வெள்ளிச் சப்பாத்து. ஒருவன் தலையில் ஒன்றும் இல்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுப்பு மையால் கண்ணீர் கீறியிருந்தான், வாயை ஆவென்று திறந்திருந்தான். நடுவில் நின்றவன் தலையில் ஒரு முழ உயரத்துக்கு முடி. மயிர் இல்லை, கண்ணாடிக் கல், மணி, தகடு எல்லாம் வைத்துக் கட்டிய கிரீட முடி.

துறைமுகத்தில் வேறு யாராவது பார்த்திருந்தால் பைத்தியங்கள் என்றிருப்பார்கள். எங்கள் ஆட்களோ ஊரில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். உறையைக் கையில் வாங்கிய மறுகணமே அண்ணை சொன்னார்:

“இது கூத்தடா. வெள்ளைக்காரனும் கூத்து ஆடுறான். இந்தா, முடி வச்சவன் ராசா. இவன் வாயைத் திறந்துகொண்டு நிக்கிறான், இவன் கட்டியகாரன். ராசா வாறார் பராக் எண்டு சொல்லிக்கொண்டு முன்னுக்கு வாறவன்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் மிகப் பெரிய முடி ராசாவுக்குத்தான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அவர் வீடு உப்புவெளியில், கடலுக்கு எதிர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு விறாந்தையில் கதிரைகள் போட்டுத் தட்டை வைப்பார். கழுவி மினுக்கிய வெள்ளைச் சேட்டுப் போட்டுத்தான் ஊசியை வைப்பார். தொடங்கினால் ஒரு பக்கம் முடியும்வரை எவரும் எழும்பக்கூடாது. முதலில் பியானோ தனியாக வரும். பிறகு ஒரே குரல் பத்துக் குரலாகப் பிரிந்து, ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி நிற்கும். “பிற்பாட்டுக்காரர்,” என்று அண்ணை விளக்குவார். திடீரென்று மேளம் இடிக்கும். கிற்றார் ஒன்று அழும். ஒரு பாட்டுக்குள்ளேயே ஆறு தரம் மெட்டு மாறும், நான் எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அண்ணை எழுந்து, ராசா இப்போது போருக்குப் போகிறார், இப்போது மந்திரி ஏமாற்றுகிறான், இப்போது ராசா தனியாக இருந்து அழுகிறார் என்று கையால் காட்டுவார். பாடுவது ராசா என்றுதான் அவர் நினைத்தார். அந்தக் குரல் ராசாவுக்கு ஏற்ற குரல்தான்.

மற்ற ஆறு தட்டுகளும் எப்படி வந்தன என்பதை இன்றைக்கும் பெருமையோடுதான் சொல்வேன். எந்தக் கப்பல் வந்தாலும் அண்ணை அந்தக் கப்பல்காரர்களிடம் போவார். பாஷை தெரியாது. குழுவின் பெயரை உச்சரிக்க வராது. தலைக்கு மேலே இரண்டு கையாலும் ஒரு முடி கட்டுவார். விரலால் கன்னத்தில் கண்ணீர் கீறுவார். தோகையை விரிப்பார். பிறகு கண்ணை மூடி, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் பாடுவார். கிரேக்கன், போலந்துக்காரன், பிலிப்பீன்காரன், யாராக இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் “ஆ!” என்று கத்திக்கொண்டு குழுவின் பெயரைச் சொல்லிவிடுவான். இரண்டு வருடத்தில் ஏழு உறை சேர்ந்தது. ஒன்று இரட்டைத் தட்டு. ஆக எட்டுத் தட்டு, பதினாறு பக்கம், அறுபத்தாறு பாட்டு. அண்ணைக்கு உறை ஏழென்றால் தட்டும் ஏழுதான்.

ஐந்தாவது உறையில் ஆட்களே இல்லை. வெறும் மேடை. எட்டுச் சப்பாத்துகள். தரையில் அந்த முடி சரிந்து கிடந்தது.

அண்ணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ராசா செத்திட்டார்,” என்றார். அன்றைக்கு விறாந்தையில் பதினேழு பேர் இருந்தோம். கிண்ணியாக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அண்ணையின் மனைவிகூடக் குசினியிலிருந்து வந்து கதவடியில் நின்றார். “நல்ல மனுசன்,” என்றார். மூன்று மாதம் கழித்து ஆறாவது தட்டில் முடி திரும்பவும் தலையில் இருந்ததைக் கண்டபோது, துறைமுகத்தில் தேத்தண்ணி எல்லோருக்கும் அண்ணையின் செலவு.

நான் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன்.

இரண்டாவது தட்டின் உறைக்குள் ஒரு தாள் இருந்தது. பாட்டுகளும், யார் யார் எதை வாசித்தார்கள் என்ற விபரமும் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதன் பக்கத்தில் ஒவ்வொருவருடைய முகமும் இருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். முடி வைத்தவன் மேளம் அடிப்பவன். கண்ணீர் கீறியவன்தான் பாடுபவன். பாட்டுகளில் கதை என்று தொடர்ச்சியாக ஒன்றும் இல்லை. ஒன்று தையற்காரனைப் பற்றி, ஒன்று தொலைந்த தொப்பியைப் பற்றி, ஒன்று பல்வலியைப் பற்றி. ராசா என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணினேன். ஒரு தரம். அதுவும் சீட்டுக்கட்டில் இருக்கும் ராசா.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். நான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தியபோது அவர் விறாந்தை நடுவில் நின்று, ராசா காட்டுக்குப் போவதைக் காட்டிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். தாளை மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன். ஒரு கிழமை தள்ளினேன். ஒரு கிழமை கடந்தால் ஒரு மாதத்தைத் தள்ளுவது சுலபம்.

இப்போது என் மகள் அந்த ஏழையும் கைபேசியில் இறக்கித் தந்திருக்கிறாள். உறை ஒரு முத்திரை அளவுக்குத்தான் தெரிகிறது. அந்தக் காலத்தில் உறை இந்த அளவில் இருந்திருந்தால் முடி எது, முகம் எது என்று ஒருவருக்கும் தெரிந்திராது; இந்தக் கதையும் நடந்திராது.

மூன்றாம் வருடம், தொழிலாளர் விழாவுக்கு அண்ணை ஏழு தட்டையும் ஒரு கூத்தாகப் போடுவதென்று தீர்மானித்தார். ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு அண்ணாவியாரைக் கூட்டிவந்தார். அண்ணாவியார் என்றால் கூத்தைப் பழக்குகிறவர், மத்தளமும் அவரே அடிப்பார். எழுபதைத் தொட்ட, சிரிக்காத மனிதர். தட்டுகளைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “தாளம் பிழையில்லை,” என்று மட்டும் சொன்னார். அவர் வாயால் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி வராது என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஏழு தட்டுக்கு ஏழு வரவு, அதாவது ஆட்டக்காரர் களரிக்குள் வரும் ஆட்டமும் பாட்டும், கட்டினார். ராசாவாக ஆடுவது அண்ணை. இரண்டு மாதம் பழகினார்கள்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஒரு கப்பல் வந்தது. அதில் ஒரு இளம் இயந்திரப் பொறியாளர், அந்தக் குழுவின்மேல் பைத்தியம். அண்ணை காற்றில் முடி கட்டிக் காட்டியதும், ஓடிப்போய்த் தன் அறையிலிருந்து ஒரு பெரிய படத்தைக் கொண்டுவந்தார். மேடையில் குழு பாடிக்கொண்டிருக்கும்போது எடுத்த படம். முடி வைத்தவன் எல்லோருக்கும் பின்னால், ஏழெட்டு மேளங்களுக்கு நடுவே, வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தான். முன்னால் மைக்கைப் பிடித்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பாடிக்கொண்டிருந்தவன், கண்ணீர் கீறியவன்.

அண்ணை படத்தைப் பார்த்தார். பொறியாளர் பெருமையோடு முடிக்காரனைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையாலும் மேளம் அடித்துக் காட்டினார். கையால் சொன்னால் அண்ணைக்கு விளங்காதா?

அவர் என் பக்கம் திரும்பினார்.

“கிளாக்கர், நீ இங்கிலிஷ் படிச்சவன். அந்தத் தாளை நீ வாசிச்சனீதானே?”

“ஓம்.”

“அதில இது இருந்ததோ?”

“இருந்தது, அண்ணை.”

“எவ்வளவு நாளாய்த் தெரியும்?”

“இரண்டாவது தட்டு வந்த நாளில இருந்து.”

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளிம்புக்குப் போய் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பத்தாவது கட்டுக்கும் எனக்குக் கையைத் தூக்கிக் காட்டுவது அவருடைய பழக்கம், நான் சரிபார்ப்பதற்காக. அன்றைக்கும் காட்டினார். இடுப்புக்குக் கீழே, சுண்டுவிரலை மட்டும் சற்று அசைத்து. வின்ச்காரனுக்குப் பழையபடி பெரிய கை. எனக்கு மட்டும் சின்னக் கை. பதினொரு நாள் அப்படி. அதைவிட என்னை அடித்திருக்கலாம்.

அதற்குள் ஒரு நாள் நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் முன் அறையில் இருந்தார், வெளியே வரவில்லை. மனைவிதான் கதைத்தார். அவர் கேட்கும்படியாகச் சத்தமாகவே கதைத்தார்.

“பாட்டுத்தானே! பாட்டில ஆர் ராசாவாய் இருந்தால் என்ன? நீங்கள் கப்பல்ல ஆருக்கும் பிழை காட்டினனீங்களோ? இல்லைத்தானே?”

உள்ளேயிருந்து பதில் வந்தது.

“பாட்டுக்கு ஒரு கை, கட்டுக்கு ஒரு கை எண்டு என்னட்ட இல்லையப்பா. இதே கையாலதான் மூண்டு வருசமாய் அவங்களுக்குக் காட்டினனான். இந்தக் கை பிழைக்குமெண்டு ஒருக்காத் தெரிஞ்சால், நாளைக்குக் கட்டு இறங்கேக்க கீழ நிக்கிறவன் என்ன செய்வான்? தலையை நிமிர்த்தி மேல பாப்பான். மேல பாக்கிறவனுக்குப் பெட்டி பிடிக்க ஏலாது. பயந்தவன்தான் கீழ அகப்படுவான்.”

“அப்ப சொல்லாதேங்கோ. கூத்தை ஆடிப்போட்டு விடுங்கோ. தெரிஞ்சது இந்தத் தம்பிக்கு மட்டும்தான். அவர் மூண்டு வருசம் வாயைத் திறக்கேல்லை, இனியும் திறக்க மாட்டார்.”

கடைசி வசனம் எனக்காகத்தான்.

துறைமுகம் காவல் பிரதேசம் என்பதால் ஆறு மணிக்கு எல்லோரும் வாசலுக்கு வெளியே போய்விடவேண்டும். அதனால் கூத்தை மத்தியானம் இரண்டு மணிக்கு, பட்டப்பகலில், களஞ்சியத்துக்குப் பின்னால் உள்ள வெளியில் வைத்தார்கள். மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. இருநூற்றுப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளைச் சேர்க்காமல். அண்ணை என்ன செய்யப்போகிறார் என்று எனக்கும் தெரியாது, அவருடைய மனைவிக்கும் தெரியாது. உறைகளை வீட்டிலிருந்து கவனமாகக் கொண்டுவரும்படி எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். ஏழையும் மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் இருந்தேன். என் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது.

கட்டியகாரன் வந்து பாடி முடித்தான். இரண்டு பேர் பிடித்திருந்த வெள்ளைத் துணிக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. மத்தளம் எழும்பியது. துணி விலகியது. ராசா வந்தார்.

அப்படி ஒரு ராசாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மயில்தோகைக் கழுத்துப்பட்டை. வெள்ளித்தாள் ஒட்டிய சப்பாத்து. ஒரு முழ முடி, தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத்தாளை வெட்டிச் செய்தது. சனம் எழும்பிக் கத்தியது. அவர் ஆடுகளரியை ஒரு தரம் சுற்றினார். இரண்டாம் சுற்றில் பாதியில் நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மணிக்கட்டில் குறுக்காக வைத்தார்.

துறைமுகத்தில் அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான்: எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து, பிழை நடந்துவிட்டது. என் முன்னால் இருந்த கிண்ணியாக்காரரின் வலது கை தானாகவே, அங்கே இல்லாத ஒரு வின்ச் பிடியைப் பின்னுக்கு இழுத்தது. மத்தளம் நின்றது. இருநூற்றுப் பதினான்கு பேரும் வாயை மூடினார்கள்.

“நான் உங்களுக்குப் பிழையான கை காட்டிப்போட்டன்,” என்றார்.

யாரோ ஒருவர் பதறிப்போய், “எந்தக் கப்பல்ல, அண்ணை?” என்று கேட்டார்.

“ஏழு தட்டிலும்.”

பிறகு என்னைப் பார்த்தார். வலது கையை வானத்துக்குத் தூக்கி, தோளிலிருந்து முழுக் கையையும் வீசி என்னை அழைத்தார். பதினொரு நாளுக்குப் பிறகு எனக்கு வந்த பெரிய கை. “கிளாக்கர்! மேல வா. அந்தத் தாளை எடு. முடி வச்சவன் என்ன செய்யிறவன்? சத்தமாய்ச் சொல்லு.”

“மேளம் அடிக்கிறவர்.”

“பாடுறது ஆர்?”

“கண்ணீர் கீறினவர்.”

“ராசா எங்க?”

“ராசா இல்லை, அண்ணை.”

“உனக்கு எப்ப தெரியும்?”

தாளைப் பார்த்தபடியே சொன்னேன். “மூன்று வருஷமாய்.”

கூட்டத்தில் ஓவென்று சத்தம். “ஒரு பெட்டி குறைஞ்சால் துறைமுகத்தையே நிப்பாட்டிற ஆள்! ஒரு ராசா குறைஞ்சதுக்கு வாய் திறக்கேல்லை!” என்று கிண்ணியாக்காரர் கத்தினார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அண்ணைக்கு வரவேண்டிய அடியில் பாதியையாவது என்மேல் திருப்பியது என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு ஆறுதல்.

அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார்.

“களரியில ராசா இல்லையெண்டால் என்ன கூத்து? நான் போறன். நாலரைக்கு மூதூருக்குக் கடல் கடக்கிற லோஞ்சு இருக்கு.”

“நில்லுங்கோ அண்ணாவியார்.”

“என்னத்துக்கு நிக்க? ரெண்டு மாசம் இல்லாத ராசாவுக்கு அடிச்சனான்.”

அண்ணை இரண்டு கையாலும் தன் தலையிலிருந்து முடியைக் கழற்றினார். அதை நெஞ்சுக்கு முன்னால் ஏந்திக்கொண்டு அண்ணாவியாருக்கு எதிரே போய் நின்றார். ஒரு கட்டை இறக்கும்போது எப்படி இறக்குவாரோ அப்படி, முழங்கால் மடங்க, மெல்ல, ஒரு விரல் அளவு இடப்பக்கம், இன்னும் மெல்ல, அந்த நரைத்த தலையில் அதை வைத்தார்.

“மேளகாரனுக்குத்தான் முடி. அவன் அடிக்காமல் ராசா எங்க நடக்கிறது? வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத் தெரியேல்லை.”

அண்ணாவியார் எத்தனையோ வருடமாக எத்தனையோ பேருக்கு முடி கட்டிவிட்டவர். ஒரு நாளும் தன் தலையில் வைத்ததில்லை. மத்தளக்காரனுக்கு எதற்கு முடி? அவருடைய இரண்டு கையும் அதைக் கழற்றுவதற்காக மேலே போயின. பாதி வழியில் நின்றன. கீழே இறங்கின. மத்தளத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு அடி அடித்தார். பிறகு இன்னொன்று.

சனம் போட்ட சத்தத்தில் தார்ப்பாயிலிருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் போயின.

அண்ணை கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் கண்ணீர் கீறப் போனார். பெண்கள் பக்கமிருந்து அவருடைய மனைவி எழும்பி வந்தார். “கோணலாய்க் கீறாதேங்கோ. தாங்கோ இஞ்ச,” என்று வாங்கி, அவருடைய நாடியை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு பக்கமும் மூன்று மூன்று துளியாகக் கீறிவிட்டார். கீறிக்கொண்டே, “இதுதான் உங்களுக்கு வடிவு,” என்று சொன்னது முன்வரிசைக்காரர் எல்லோருக்கும் கேட்டது.

அவர் வெறுந்தலையோடு ஏழு தட்டையும் பாடினார். ராசா இல்லை என்பதால் வரவுகள் எல்லாம் நிலைதடுமாறின, பிற்பாட்டுக்காரர் இரண்டு இடத்தில் இடறினார்கள், ஒரு பாட்டு நடுவில் நின்றே போனது. நான் எண்ணிய பிழைகள் பத்தொன்பது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அண்ணாவியார் அந்த நாலரை லோஞ்சைத் தவறவிட்டு, ஐந்தரைக்குக் கடைசி லோஞ்சில் ஏறினார். முடி தலையிலேயே இருந்தது. ரிக்கற் கிழிப்பவர், “ஐயா, ராசாவுக்கு ரிக்கற் இல்லை,” என்றாராம். “நான் ராசா இல்லை, மத்தளம்,” என்று சொல்லி ரிக்கற் வாங்கினாராம் அண்ணாவியார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். அடுத்த நாள் காலையில் சிரிப்பு வரவில்லை. கப்பலின் இரண்டாம் சாமான் அறையில் வேலை. ஆறரை மணிக்கு அவர் விளிம்பில் வந்து நின்றார். கழுவியும் போகாத கரி கன்னத்தில் இலேசாக இருந்தது. கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்தார். கிண்ணியாக்காரரும் அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை. முதல் கட்டு எழும்பியது. பன்னிரண்டு பெட்டி. கிணற்றின் வாய்க்கு மேலே வந்து மெல்லச் சுழன்றது. நிழல் கீழே விழுந்தது.

அண்ணை இரண்டு கையையும் தூக்கினார். பழைய கை, ஒரு விரற்கடையும் குறைக்காத கை. முழங்கால் மடங்கியது. உள்ளங்கை காற்றை அமர்த்தியது.

என் வேலை பெட்டியை எண்ணுவது. நான் பெட்டியைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தேன். ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குனிந்து காலில் குத்திய சிராயைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் முதல்நாள் கூத்தைப் பற்றித்தான் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். கட்டின் நிழல் அவர்கள்மேல் படர்ந்து, பெரிதாகி, அறையை மூடியது. ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். பதினொரு தலையில் ஒன்றுகூட நிமிரவில்லை.

கட்டு தரையைத் தொட்டது. அண்ணையின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. அவர் அவற்றைக் கீழே இறக்க மறந்துவிட்டார்.

கீழேயிருந்து ஒரு குரல், மேலே பார்க்காமலே கத்தியது: “அண்ணை, ஆடினது போதும். அடுத்ததை விடுங்கோ!”